கேள்வி கேட்காத வீடு

வீரமலை வீட்டில் கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது. கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது ஜீயபுரத்தில் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான். மற்றவர்களுக்கு அது வாசற்படியோடு முடிந்துவிடும். வீரமலைக்கு அது வீடு முழுக்க. வாழைத்தோப்பிலிருந்து களைத்து வந்த மனுஷனிடம் எந்தத் தோட்டத்தில் வேலை என்று கேட்டால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். அடிக்கிற ஆள் இல்லை, திட்டுகிற ஆளும் இல்லை. கேட்டால் பேச மாட்டார், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மயிலம்மாள் கேட்டுக் கேட்டு அழுதாள். அடுத்த வருஷம் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

கேட்காமல் சொல்லிவிடுவாள்.

"இன்னிக்கும் மேட்டுத் தோட்டம்தான் போல" என்பாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

"மேட்டுத் தோட்டம் முடிஞ்சுபோச்சு. ஆத்தோரம்" என்று பதில் வரும்.

"கூலி வராது போல."

"ஏன் வராது, சனிக்கிழமை தரேன்னு சொல்லியிருக்கான்."

தப்பாகச் சொன்னால் திருத்துவதற்காகவாவது வாய் திறக்கிற ரகம் அந்த மனுஷன். இப்படியே குடித்தனம் ஓடியது. சரத்குமார் பிறந்தான், பள்ளிக்கூடம் போனான், திருச்சியில் காலேஜும் முடித்தான். அவனும் அப்பனைக் கொண்டு பிறந்தவன். பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டால் தட்டைப் பார்ப்பான். "கணக்கு கஷ்டமா இருந்திருக்கும்" என்று சொன்னால்தான் "கணக்கு ஈசிதான்மா" என்பான்.

அந்த வீட்டில் புழங்கிய ஒரே கேள்வி 'சாப்டியா' என்பதுதான். அதையும் மயிலம்மாள் ஒருத்திதான் கேட்டாள், மகன் ஒருத்தனிடம்தான் கேட்டாள். காலையில் கேட்பாள், காலேஜ் பஸ் விட்டு இறங்கும்போது கேட்பாள், பாதித் தூக்கத்தில் புரண்டு படுத்தால் அப்போதும் கேட்பாள். அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் சோறு வடிக்கிறவள் சாப்பிட்டாளா என்று யாருக்குத் தோன்றும்? அவளுக்கே தோன்றாது.

அவள் வேலை இலை அறுப்பது. விடியும் முன்னே இருசம்மாளோடும் இன்னும் சில பெண்களோடும் தோப்புக்குள் இறங்கிவிடுவாள். வளைகத்தியால் இலைக் காம்பில் ஒரு இழுப்பு. விழுகிற இலையைத் தரையில் படாமல் இடது கையில் தாங்க வேண்டும். சேறு ஒட்டினால் கடைக்காரன் ஒதுக்குவான். கறை சொட்டிச் சொட்டிப் புடவையெல்லாம் கறுத்துப்போகும். வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அறுத்த இலையை அடுக்கி, நடு நரம்பு ஒடியாமல் மடக்கிக் கட்டி, திருச்சி காந்தி மார்க்கெட் போகிற வண்டியில் ஏற்றினால் அன்றைய பாடு முடியும். ஆடி மாதம் வந்தால் அதிலும் மண். காவிரியில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகும், காற்று நார் நாராக இலையைக் கிழித்துவிடும். கல்யாணமும் கிடையாது, கிழிந்த இலையை வாங்க ஆளும் கிடையாது.

சரத்குமார் வெளிநாடு போனது ஒரு சித்திரையில். டிகிரி முடித்த பின் ரெண்டு வருஷம் வேலை தேடினான். திருவானைக்காவலில் லூர்துராணி டீச்சர் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாசுக்குப் போனான். டீச்சர் வாய் நிறையச் சொல்வாள், இந்தப் பையனைப் போல இங்கிலீஷ் பிடித்துக்கொண்ட ஆள் என் கிளாசில் இல்லை என்று. பிறகு ஒருநாள் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்றான். போனிலேயே இன்டர்வியூ. இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று உடனே எடுத்துக்கொண்டார்களாம்.

யார் கூட்டிப்போகிறார்கள், எந்தக் கம்பெனி, எந்த ஊர், யாரைத் தெரியும்? ஒரு கேள்வி கேட்கவில்லை பெற்றவர்கள். வீரமலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரூர் ரோட்டுக்கு வந்தார். மயிலம்மாள் மகன் நெற்றியில் திருநீறு பூசினாள். "போயிட்டு வரேம்மா" என்றான். கிளம்புகிறவனை எங்கே என்று கேட்கக்கூடாதே. "பத்திரமா இருப்பே" என்று சொன்னாள். பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

ஒரு மாதம் சத்தமில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதோ ஒரு நம்பரிலிருந்து போன் வந்தது. "அம்மா" என்றது குரல். "சரத்து! சாப்டியாடா?" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு வந்தது. "அம்மா, நோ தமிழ். ஒன்லி இங்கிலீஷ். ஐ யாம் ஃபைன். ஃபுட் இஸ் குட்." பாடம் ஒப்பிக்கிறவன் மாதிரி சொன்னான். அவளுக்கு அம்மாவும் தமிழும்தான் புரிந்தது. மறுநாள் இலைக்குப் போகாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து பஸ் மாறித் திருவானைக்காவலில் போய் இறங்கினாள்.

டீச்சருடைய மாடி ரூமுக்குக் கீழே ஒரு ஃபிளெக்ஸ் பலகை தொங்கும். 'எங்கள் மாணவர்கள் இன்று வெளிநாட்டில்' என்று போட்டு வரிசையாக முகங்கள் இருக்கும். அதில் சரத்குமாரும் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு இருந்தான். கோட்டு போட்டோக் கடைக்காரனுடையது. மயிலம்மாள் சொன்னதைக் கேட்டதும் லூர்துராணி முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, பக்கத்துல எவனோ உக்காந்து ஒட்டுக் கேக்குறான். அவனுக்குப் புரியிற பாஷையிலதான் பேசணும்னு சொல்லியிருப்பாங்க. இது ஆபீஸ் இல்லக்கா. ஏமாத்திக் கொண்டுபோய் அடைச்சு வச்சிருக்காங்க. பேப்பர்ல எல்லாம் வருது, பர்மா எல்லையில."

"அடைச்சு வச்சு என்ன பண்ணுவாங்க டீச்சர்? அவன் கல்லு உடைக்கிற புள்ள இல்லையே."

"இங்கிலீஷ் பேச வைப்பாங்க" என்றாள் லூர்துராணி. அன்று சாயங்காலமே பலகையில் சரத்குமார் முகத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டாள். கலெக்டர் ஆபீசுக்கு அவளே மனு எழுதி, தன் போன் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். வீரமலை கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

பெற்ற பிள்ளையோடு பேச ஒரு தாய் வேற்று பாஷை படிக்க வேண்டிய கொடுமை இப்படித்தான் அந்த வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமைதோறும் போனாள். வயசுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசிப் பெஞ்சில் கறைப் புடவையோடு உட்கார்ந்தாள். எழுத்து வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்று லூர்துராணி பாடத்தை மாற்றிக்கொண்டாள்.

"முதல்ல சொல்றது. அப்புறம்தான் கேக்குறது. ஐ யாம் ஃபைன். நான் நல்லா இருக்கேன்."

"ஐ யாம் ஃபைன்."

"அப்பா இஸ் ஃபைன்."

"அப்பா இஸ் ஃபைன். நல்லாத்தான் இருக்காரு, கல்லு மாதிரி."

சொல்லுகிற வாக்கியம் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. வாழ்க்கை முழுக்கச் சொல்லியே பிழைத்தவள் அல்லவா? தோப்பில் இலை அறுத்துக்கொண்டே ஒப்பிப்பாள். 'ரெயின் இஸ் தேர். ரிவர் இஸ் ஃபுல்.' பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"அடி மயிலு, தொரசாணி ஆயிட்டடி நீ" என்பாள் இருசம்மாள். "எங்க, இந்த எலைக்கு இங்கிலீசு சொல்லு."

"லீஃபு."

"கறைக்கு?"

"அது அவங்க ஊர்ல இருக்காதுடி."

ஞாயிற்றுக்கிழமை கற்றதையெல்லாம் போனில் கொட்டுவாள். மழை வந்ததை, ஆற்றில் தண்ணீர் வந்ததை, பசு கன்று போட்டதை. கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வாள். 'யூ வில் கம்.' நீ வருவாய். அதை வாழ்த்து மாதிரி, திருநீறு பூசுகிற மாதிரி சொல்வாள். "ஓகே அம்மா" என்பான் அவன்.

அதற்கு முன்னால் அவன் ஒன்று கேட்பான். அதுதான் அதிசயம். "ஹேவ் யூ ஈட்டன், அம்மா?"

முதல்முறை கேட்டபோது அவளுக்குப் புரியவில்லை. லூர்துராணி அர்த்தம் சொன்னாள். சாப்டியாம்மா என்று கேட்டிருக்கிறான். மயிலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறந்த வீட்டில் கேட்கவில்லை, புகுந்த வீட்டில் கேட்கவில்லை, இருபத்தாறு வயசுப் பிள்ளை கண்காணாத தேசத்தில் அடைபட்டுக் கிடந்து கேட்கிறான். தோப்பு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். "எம்புள்ள என்னயச் சாப்டியான்னு கேட்டான்டி. இங்கிலீசுல." வாரம் முழுக்க அந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். "யெஸ். ஐ ஏட்" என்று பதில் சொல்லத் தனியாகப் பழகிக்கொண்டாள். பொய் ஆகக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் வருவதற்குள் சாப்பிட்டுவிடுவாள்.

கேள்வி கேட்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று லூர்துராணி சொல்லிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ரெண்டை வரிசையாகப் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் இழுத்துக் காட்டினாள். "இவ்வளவுதான்க்கா. யூ வில் கம்னா சொல்றது. வில்லைத் தூக்கி முன்னாடி போட்டா கேள்வி. வில் யூ கம்? வருவியா?"

மயிலம்மாள் நாற்காலிகளையே பார்த்தாள். நம் பேச்சில் கேள்வி வாலில் இருக்கிறது. வருவே என்று முழுக்கச் சொல்லி, மனசு கேட்காவிட்டால் கடைசியில் ஒரு இழுப்பு இழுக்கலாம், இழுக்காமலும் விடலாம். இவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். பின்வாங்க இடமில்லை.

"அது வேணாம் டீச்சர். நான் 'நீ வருவே'ன்னே சொல்லிக்கிறேன். கேட்டாத்தான இல்லேன்னு வரும்?"

மறு வருஷம் ஆடி பிறந்த சமயம் அப்துல் சலாம் வந்தான். திருச்சி பாலக்கரைப் பையன். சரத்குமாரோடு ஒரே ஹாலில் இருந்தவன். அந்தப் பக்கத்துப் பட்டாளம் இவர்களை அடைத்து வைத்திருந்த கட்டடத்துக்குள் புகுந்து, நம்ம ஆட்கள் சிலரைப் பிரித்துக் கொண்டுவந்து விமானத்தில் ஏற்றியிருந்தார்கள். லூர்துராணிதான் அவனை விசாரித்துப் பிடித்து அழைத்துவந்தாள். அவன் வலது கைச் சுண்டுவிரல் வளைந்து ஒட்டியிருந்தது. வீரமலை கயிற்றுக் கட்டிலை விரித்துப் போட்டுவிட்டு, கொட்டகை ஓரமாகக் கயிறு திரிக்க உட்கார்ந்துகொண்டார். காது மட்டும் இங்கே.

"எம்புள்ள நல்லா இருப்பான்" என்றாள் மயிலம்மாள்.

"நல்லாத்தாம்மா இருக்கான். அல்லாஹ் மேல ஆணையா, உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அடிச்சிருப்பாங்க."

"முதல்ல அடிச்சாங்க. எல்லாரையும்தான். வெயில்ல நிக்க வைப்பாங்க, கரண்ட் ஷாக் வைப்பாங்க. இப்ப அவனை அடிக்கிறதில்ல. அவன் இப்ப லீடருங்கம்மா. அவனுக்குக் கீழ பத்து இருவது பேரு."

லூர்துராணி நிமிர்ந்தாள். "என்ன வேலைக்கு லீடர்? விட்டுச் சொல்லுங்க தம்பி. இவங்களுக்கும் தெரியட்டும்."

சலாம் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"வெளிநாட்டு ஆளுங்களோட நம்பரை எங்ககிட்ட குடுப்பாங்கம்மா. வயசானவங்க, புருஷன் செத்தவங்க, பொண்டாட்டி செத்தவங்க, தனியாக் கெடக்குறவங்க. அவங்ககிட்ட போன்ல எழுதி எழுதிச் சினேகம் புடிக்கணும். பொய்ப் பேரு, பொய் போட்டோ. எல்லாரையும் டியர்னுதான் கூப்பிடணும். சினேகம் ஆனதும் இதுல போடுங்க, அதுல போடுங்கன்னு அவங்க சேமிப்பை எல்லாம் உருவிக்கணும். எங்க யாருக்கும் வரல. ஹலோ, ஹவ் ஆர் யூன்னு கேட்டா எவங்க பதில் சொல்லுவாங்க? ராத்திரியானா அடி. இது சரத் வந்து கொஞ்ச நாள் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அவன் ஒண்ணு கண்டுபுடிச்சான்." சலாம் மயிலம்மாளைப் பார்க்காமல் செம்பைப் பார்த்தான். "நீங்க அவனைச் சாப்டியான்னு கேப்பீங்களாமே அம்மா. எப்பப் பாத்தாலும்."

மயிலம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா ராசா. சொன்னானா? தூக்கத்துல கூடக் கேப்பேன்."

"அதைத்தாம்மா கேக்கச் சொன்னான். வேற எதையும் கேக்காதீங்கடா, தினமும் சாப்பாட்டு நேரத்துல இது ஒண்ணை மட்டும் கேளுங்கன்னான். ஹேவ் யூ ஈட்டன், டியர். அவங்க ஊர்ல அதை யாரும் கேக்குறதில்லையாம்மா. ரெண்டாவது வாரத்துல அவங்களே தட்டைப் படம் புடிச்சு அனுப்புவாங்க. ஒருநாள் நாம கேக்கலேன்னா ஏன் கேக்கலன்னு தேடி வருவாங்க. அப்புறம் என்ன சொன்னாலும் செய்வாங்க. அன்னைக்கிலேர்ந்து எங்க ஹால்ல அடி நின்னுபோச்சு. எங்களுக்குச் சோறும் ஒழுங்கா வந்துச்சு. அவன் எங்களைக் காப்பாத்துனான்தான், இல்லேன்னு சொல்லல."

கயிறு திரிக்கிற சத்தம் நின்றிருந்தது.

"அப்படி ஒரு வெளிநாட்டு அம்மா இருந்துச்சு. உங்களவிட மூத்தவங்க. அவங்களை மட்டும் சரத் யார்கிட்டயும் குடுக்கல, அவனே வச்சுக்கிட்டான். தெனம் தட்டு போட்டோ வரும். மீனு, உருளைக்கெழங்கு, ஓரத்துல ஒரு பூ வச்சு அனுப்புவாங்க. பணம் எல்லாத்தையும் எடுத்து முடிச்ச பெறகும் அனுப்பிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒருநாள் தட்டுல ரெண்டு துண்டு ரொட்டி மட்டும் இருந்துச்சு. அதுக்கப்புறம் படம் வரல. அன்னைக்கிலேர்ந்து சரத் யார்கூடயும் சரியாப் பேசல."

மயிலம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். வந்தவனுக்குச் சோறு போட வேண்டும் என்று கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள். கரண்டியை எடுத்தாள், வைத்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். அவள் மடியில் வைத்து ஊட்டிய ஒரு சொல்லை எடுத்துக்கொண்டுபோய் எவளோ ஒரு கிழவியின் கழுத்தில் சுருக்காகப் போட்டிருக்கிறான் பிள்ளை. அவன் பிழைக்கத்தான் போட்டான். நாலு பையன்கள் அடிபடாமல் இருக்கத்தான் போட்டான். அதனால் அந்தக் கிழவிக்குச் சோறு வந்துவிடுமா?

"உங்களோட அவனையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"பட்டாளத்து ஆளுங்க வந்தப்ப, ஊருக்குப் போறவன் கையைத் தூக்குன்னாங்க. நாங்க தூக்குனோம். அவன் தூக்கல. வாடான்னு இழுத்தேன். எங்க வீட்டுல ஏன்டா இப்படிச் செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்கடா சலாம், சோறு போட்டுச் சாப்டியான்னுதான் கேப்பாங்க, அதை என்னால தாங்க முடியாதுன்னான்."

சலாம் சாப்பிடாமலே போய்விட்டான். மயிலம்மாளும் அவனைச் சாப்பிடு என்று சொல்லவில்லை. வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்பியது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அதே வாரம், கொடுத்திருந்த மனு விஷயமாகச் சென்னையில் ஒரு அரசாங்க ஆபீசிலிருந்து லூர்துராணிக்குப் போன் வந்தது. வருகிற புதன்கிழமை, கட்டடத்துக்காரர்களிடம் பேசி வைத்துவிட்டு, மறுபடி அங்கே ஆட்கள் போகிறார்கள். வாசலில் நின்று பெயர் கேட்பார்கள். வருகிறேன் என்று தன் வாயால் சொல்கிறவனை மட்டும்தான் கூட்டிவர முடியும், யாரையும் கட்டித் தூக்கி வர முடியாது. இதை விட்டால் அடுத்து எப்போது என்று தெரியாது. அதற்குள் வேறு கூட்டத்துக்கு அவர்களை விற்றுவிடுவார்கள் என்றும் சொன்னார்கள்.

சனிக்கிழமை கிளாசில் மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு லூர்துராணி நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

"அக்கா, நாளைக்கு நீங்க கேட்டே ஆகணும். நீ வருவேன்னு சொன்னா ஓகேன்னு சொல்லிட்டு வச்சிருவான். கேட்டீங்கன்னா பதில் சொல்லித்தான் ஆகணும்."

"கேட்டா வச்சுட்டா?"

"வைக்க மாட்டான். எங்க, சொல்லுங்க. வில் யூ கம்?"

"யூ வில்..."

"இல்லக்கா. வில். வில்தான் முதல்ல."

வெளியே பஸ்காரன் திருவானைக்கா, ஸ்ரீரங்கம் என்று கத்திக்கொண்டு போனான். மயிலம்மாள் சொன்னாள், தப்பாக வந்தது. திரும்பச் சொன்னாள். வீட்டில் வாயில் வராத ஒரு காரியத்தை வேற்று பாஷையில் நாக்கு எப்படிச் செய்யும்? நாற்காலியைப் பிடித்துத் தானே இழுத்துப் பார்த்தாள். இருட்டுவதற்குள் வந்துவிட்டது. கடைசி முறை சொன்னபோது லூர்துராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் கிளாசுக்கு அவன் வராமலே இருந்திருக்கலாம்க்கா" என்றாள். இல்லை என்று சொல்ல மயிலம்மாளுக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆடிக் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. தோப்பில் நான்கைந்து மரம் தாரோடு சாய்ந்திருந்தது. வீரமலை முட்டுக் கொடுக்கப் போகவில்லை. கொட்டகையில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மயிலம்மாள் சோறு வடித்து வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

மத்தியானம் போன் அடித்தது.

"அம்மா. ஐ யாம் ஃபைன்."

"ஐ யாம் ஃபைன். அப்பா இஸ் ஃபைன்" என்றாள். பக்கத்தில் எவனோ இருமுவது கேட்டது. அவனுக்கும் கேட்கட்டும். "சரத்து. வில் யூ கம்?"

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூச்சு கேட்டது. அவன் மூச்சு அது. சின்ன வயசில் மூக்கடைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த மூச்சு.

"வென்ஸ்டே. மேன் கம். யூ டெல். வில் யூ கம்?" என்றாள் திரும்ப. இது டீச்சர் சொல்லிக் கொடுத்தது பாதி, அவளாகச் சேர்த்தது பாதி.

"அம்மா" என்றான். பிறகு குரல் மாறியது. குழைந்து, இதமாக, தேன் தடவிய மாதிரி வந்தது. "ஹேவ் யூ ஈட்டன், அம்மா?"

இத்தனை ஞாயிற்றுக்கிழமை எந்தக் கேள்விக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்தாளோ அதே கேள்வி. அதைக் கேட்டது அவள் வயிற்றில் பிறந்தவனா, அந்த ஹாலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கே தெரியுமோ என்னவோ.

"நோ" என்றாள். அந்தக் கேள்விக்கு அவள் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் முறை. "ஐ நோ ஈட். வில் யூ கம், சரத்து?"

மூச்சு இழுத்தது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. இருமல்காரன் என்னவோ முணுமுணுத்தான்.

"டேக் கேர், டியர்" என்றான் சரத்குமார். போன் நின்றது.

அவள் போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கொட்டகையிலிருந்து வீரமலை வந்து வாசலில் நின்றார். இங்கிலீஷ் தெரியாத மனுஷன். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"வரானாமா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயில் அவள் கேட்ட முதல் கேள்வி. இத்தனை வருஷம் அவர் செய்த மாதிரியே அவளும் செய்தாள். பதில் சொல்லாமல் எழுந்து, கத்தியை எடுத்துக்கொண்டு, சாய்ந்த மரத்தில் இலை பார்க்கக் காற்றுக்குள் இறங்கிப் போனாள்.

புதன்கிழமை போயிற்று. வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் லூர்துராணி போனில் பேசினாள். "அக்கா, வந்தவங்க எல்லாரையும் விசாரிச்சுட்டேன்க்கா. நம்ம பையன் இல்ல. வாசலுக்கு வந்தானாம். கூட்டத்துக்குப் பின்னாடி நின்னானாம். பேரு கேட்டப்ப சொல்லலையாம்." அவள் அழுவது கேட்டது. "அந்தக் கட்டடத்தையே காலி பண்ணிட்டாங்களாம்க்கா. எங்க கொண்டுபோனாங்கன்னு தெரியல." மயிலம்மாள் சரிங்க டீச்சர் என்று சொல்லி வைத்தாள். அழுகை வரவில்லை. கேட்டாள், பதில் வந்துவிட்டது. அப்படித்தானே அந்த பாஷை?

வீரமலை கை கால் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் கன்னத்தில் காய்ந்துபோயிருந்த வாழைக்கறையையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் தட்டின் முன்னால் உட்காரவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மயிலு" என்றார் மெதுவாக. "சாப்டியா?"

அவளுக்கு உடம்பு முழுக்க நெருப்பை அள்ளிக் கொட்டிய மாதிரி இருந்தது. எந்தச் சொல் வராதா என்று ஆயுசு முழுக்க ஏங்கினாளோ அந்தச் சொல்.

"அதைக் கேக்காதீங்க!" என்று கத்தினாள். தெருவில் போன இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். "என்ன வேணா கேளுங்க. இந்த வீட்டுல இனிமே யாரும் அதை மட்டும் கேக்கக் கூடாது."

வீரமலை ஏன் என்று கேட்கவில்லை. சலாம் வந்தபோது அவர் காதும் அங்கேதானே இருந்தது. எழுந்து அடுப்படிக்குள் போனார். பாத்திரத்தை உருட்டும் சத்தம் கேட்டது. பழைய சோற்றைத் தட்டில் போட்டு, மோர் ஊற்றி, பக்கத்தில் நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். வெளியே இருட்டப்போகிற வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு, அவள் அவருக்குச் சொல்வது மாதிரியே சொன்னார்.

"நீ இன்னும் சாப்பிடல போல."

மயிலம்மாள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.